அக்கரையும் அக்கறையும்



வளைகுடா நாடொன்றில் பொறியாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது என்னைக் காண மதரஸாவுக்கு வந்தார். அவர் குடும்பத்துடன் ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று திரும்பியிருந்தார். மத்தியதரைக் கடலோரம் உள்ள மாலகா நகரின் கடற்கரை, அங்கிருந்து உள்ளே சென்றால் வரும் கிரனாடா, அங்கே குன்றின் மேல் நிற்கும் அல்ஹம்ப்ரா மாளிகை எனக் கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். நீலக்கடலும் வெண்ணிறச் சுவர்களும் கண்ணைப் பறித்தன. மாளிகைச் சுவர்களில் கொடிபோல் ஓடும் அரபு எழுத்துகளைக் கண்டபோது என் கண்கள் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

"ஹஜ்ரத், இப்படி ஒரு கடற்கரையும் இப்படி ஒரு வரலாறும் நம் பக்கத்தில் உண்டா?" என்று பெருமூச்சு விட்டார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, நீங்கள் அறந்தாங்கியில் பிறந்தவர். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மீமிசல் கடலைப் பார்த்திருக்கிறீர்களா?"

அவர் தலை குனிந்தார். "பேருந்தில் கடந்து போயிருக்கிறேன் ஹஜ்ரத். இறங்கியதில்லை" என்றார்.

வாசகர்களே, இந்தப் பதில் அவர் ஒருவருடையது மட்டுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அக்கரைச் சீமையைக் காணச் சேமிக்கிறோம், அதில் தவறில்லை. பூமியில் பயணம் செய்து முன் சென்றோரின் முடிவைக் கவனியுங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஆயினும் அந்தப் பூமியில் நம் வாசலும் அடங்கும் என்பதை ஏன் மறந்தோம்?

ஒரே பயணி, இரண்டு கரைகள்

மாலகாவையும் நம் சோழமண்டலக் கரையையும் நேரில் கண்டு, இரண்டையும் பற்றிச் சொல்லி வைத்த ஒரு மனிதர் உண்டு. அவர் இப்னு பதூதா. மத்தியதரைக் கடலின் வாயிலில் அமைந்த மொராக்கோவின் தான்ஜியர் நகரில் 1304-இல் பிறந்தவர். டெல்லியில் காஜியாகப் பணியாற்றி, மாலத்தீவிலும் இலங்கையிலும் தங்கி, 1340-களில் அவர் தமிழகக் கரையை அடைந்தார். அரபியர் அந்நாளில் இக்கரையை 'மஅபர்' என்று அழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள்.

இலங்கையிலிருந்து வரும் வழியில் கடும் காற்றில் அவர் ஏறி வந்த கப்பல் சேதமடைந்தது. கரைவாழ் மக்களே அவரைக் காப்பாற்றினர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. மதுரை சுல்தானியத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் ஒரு மகளை இவரும் மற்றொரு மகளை அவரும் மணந்திருந்தனர். உறவினர் என்பதற்காக அவர் உண்மையை மறைக்கவில்லை. போரில் பிடிபட்டவர்களுக்கு அந்தச் சுல்தான் இழைத்த கொடுமைகளை வெளிப்படையாகக் கண்டித்தே பதிவு செய்தார். வரலாற்றைச் சொல்பவருக்கு இருக்க வேண்டிய நேர்மை அது.

பின்னர் அவர் 'ஃபத்தன்' என்ற துறைமுகத்துக்கு வந்தார். நம் 'பட்டினம்' என்ற சொல்லே அவர் செவியில் அவ்வாறு ஒலித்திருக்க வேண்டும். கடலுக்குள் பெரிய மரத்தூண்களை நட்டு எழுப்பிய மண்டபத்தையும், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், அங்கே விளைந்த திராட்சையையும் மாதுளையையும் அவர் வியந்து கூறுகிறார். சில ஆண்டுகள் கழித்து மாலகா சென்றபோது, அங்கிருந்த பெரிய பள்ளியின் முற்றத்தில் ஓங்கி வளர்ந்திருந்த ஆரஞ்சு மரங்களையும், ஊர் ஊராக ஏற்றுமதியான பொன்வண்ண மட்பாண்டங்களையும் அதே வியப்புடன் கூறுகிறார். அவர் சொல்லச் சொல்ல, கிரனாடாவில் அவருக்கு அறிமுகமான இப்னு ஜுஸை எழுத்தில் வடித்தார். அந்தக் கண்ணுக்கு இரண்டு கரைகளும் சமமாகவே தெரிந்தன.

இன்று நிலை என்ன? 1492-இல் கிரனாடா முஸ்லிம்களின் கையை விட்டுப் போயிற்று. ஆயினும் அல்ஹம்ப்ராவின் ஒவ்வொரு கல்லும் எண்ணப்பட்டு, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஃபத்தனோ எந்த ஊர் என்பதிலேயே ஆய்வாளர்கள் கருத்து வேறுபட்டு நிற்கின்றனர். அங்கே கட்டியவர்கள் இல்லை, கட்டடம் இருக்கிறது. இங்கே கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறோம், கட்டடம் இல்லை. என் மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வரும் ஞாயிறு போவோமா ஹஜ்ரத்?" என்றார்.

பெண் கடலின் கரையில்

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அறந்தாங்கியிலிருந்து புறப்பட்டோம். அவரும், அவர் துணைவியாரும், பத்து வயது மகனும், கல்லூரியில் படிக்கும் மகளும் உடன் வந்தனர்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டா என்று வெளியூரார் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. சமஸ்தானம் 1948-இல் இந்தியாவுடன் இணைந்தது. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டம் அமைந்தபோது, தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதி இதனுடன் சேர்ந்தது. அதனால் காட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடற்கரை நமக்குக் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர்களை ஒரு தஸ்பீஹ் மணிச்சரடு போலக் கோத்துச் செல்கிறது.

கோட்டைப்பட்டினத்தை அடைந்தபோது மீன் ஏலம் உச்சத்தில் இருந்தது. இப்பகுதியின் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக் கிழமைகளில் கடலுக்குச் செல்வது வழக்கம். சனியன்று சென்றவை ஞாயிறு விடியலில் திரும்புகின்றன. கூடை கூடையாக இறாலும் நண்டும் திருக்கையும் இறங்கின. ஏலக்காரரின் குரலுக்கு மேலாகக் கடற்காகங்களின் குரல் கேட்டது. என் மாணவரின் மகன் வாய் பிளந்து நின்றான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வருவோர் இக்காட்சியைக் காண முடியாது. அப்போது படகுகள் கரையில் ஓய்ந்து கிடக்கும், வலைகளைச் செப்பனிடும் கைகள் மட்டுமே ஓயாது.

இக்கடல் பாக் நீரிணையைச் சேர்ந்தது. 1760-களில் சென்னையின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். கரைவாழ் மக்கள் வைத்த பெயரே அழகானது: பெண் கடல். பாம்பனுக்குத் தெற்கே அலைபுரளும் மன்னார் வளைகுடா ஆண் கடல். வடகிழக்கில் கோடிக்கரை முனையும், கிழக்கில் இலங்கையும், தெற்கில் இராமேசுவரம் தீவும் அரணாக நிற்பதால் இங்கே பேரலை இல்லை. 2004-இன் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைச் சூறையாடியபோது, இலங்கைத் தீவின் மறைவில் இருந்த இக்கரையில் சேதம் ஒப்பீட்டில் மிகக் குறைவாக இருந்தது. ஆயினும் 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இரக்கம் காட்டவில்லை. அன்று சாய்ந்த தென்னைகளை நினைத்து இன்றும் பெருமூச்சு விடும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் உண்டு.

மாலகாவில் கண்ட பொன்மணலையும் நீலநீரையும் இங்கே தேடாதீர்கள். நீர் சேற்று நிறம். நெடுந்தூரம் இடுப்பளவே ஆழம். ஆனால் அந்த ஆழமற்ற நீரின் அடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. கடற்புல் என்பார்கள். அதை மேய்ந்து வாழும் சாதுவான உயிரினம் ஒன்று உண்டு. கடல்பசு என்றும் ஆவுளியா என்றும் மீனவர்கள் அழைப்பர். நாளொன்றுக்கு 40 கிலோ வரை புல் மேயும் இவ்வுயிரைக் காக்க, 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே. மத்தியதரைக் கடலின் ஐரோப்பிய நாடுகள் பொசிடோனியா என்னும் தங்கள் கடற்புல்லைச் சட்டமிட்டுக் காக்கின்றன. அக்கரையார் பார்த்துப் பார்த்துக் காக்கும் செல்வம் நம் காலடியிலும் இருக்கிறது. நாம் கரையில் எறியும் ஒவ்வொரு நெகிழிப் பையும் அந்தப் புல்வெளிக்குத்தான் போய்ச் சேர்கிறது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நமக்குக் காட்சியாகத் தெரிவது அங்குள்ளவர்களுக்குப் பிழைப்பு. இக்கரையிலிருந்து செல்லும் மீனவர்கள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவதும், படகுகளை இழப்பதும் தொடர்கதை. கணவன் திரும்பும் வரை விழித்திருக்கும் பெண்கள் வாழும் ஊர் அது. அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். சலாம் சொல்லி, நலம் விசாரித்துப் பேசுங்கள். அவர்கள் காட்டும் உபசரிப்பை எந்த விடுதியிலும் விலை கொடுத்து வாங்க முடியாது.

யவனர் பொன்னும் அரபுக் குதிரையும்

கோட்டைப்பட்டினத்தில் எல்லாச் சமூகத்தாரும் வந்து செல்லும் ராவுத்தர் அப்பா தர்காவைக் கண்டு, தெற்கே மீமிசல் வழியாக முத்துக்குடாவின் அலையாத்திக் காட்டை அடைந்தோம். உப்புநீரில் வேரூன்றிக் கரையைக் காக்கும் அம்மரங்களின் நிழலில் அமர்ந்து, கொண்டு வந்த இடியாப்பத்தை உண்டோம். அங்கே மகள் கேட்டாள்: "மத்தியதரைக் கடல்காரர்கள் நம்மைத் தேடி வந்தார்கள் என்று கல்லூரியில் படித்தேன். நம் மாவட்டத்தில் அதற்கு அடையாளம் உண்டா?"

உண்டு. ஆலங்குடி வட்டம் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் ஆண்ட வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் தலை பொறித்தவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. நாணயமாகப் புழங்காமல் பொன்னாக மட்டுமே கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாக அக்கடலின் பொன் இங்கே வந்து குவிந்தது. அக்காசுகளில் சில இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

திரும்பும் வழியில் ஆவுடையார்கோயில். மரத்தில் இழைத்தது போல் மெல்லிதாகச் செதுக்கிய கல் கொடுங்கைகளைக் காண உலகமே வருகிறது. நாங்கள் முன்மண்டபத்தில் நின்று சிற்பங்களைக் கண்டோம். பாண்டியனின் அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், அரசனுக்குக் குதிரை வாங்கப் பொருளுடன் வந்தது இவ்வூருக்குத்தான் என்று சைவப் பெருமக்கள் போற்றுகின்றனர். இறைவன் குதிரை வணிகராக வந்தார் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்தக் கதைக்குள் நம் முன்னோரின் சுவடும் இருக்கிறது. தமிழகத்து அரசர்களுக்குக் குதிரைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்தவர்கள் ஹுர்முஸ், ஏதன் முதலான துறைகளின் வணிகர்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இவ்வாணிகத்தை விரிவாகச் சொல்கிறார். திருமயம் வட்டத்து ராங்கியம், பனையூர்க் கோயில்களின் கல்வெட்டுகளிலோ மதுரை சுல்தான்கள் காலத்துக் குறிப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன. நம் வரலாறு நம் பள்ளியில் மட்டும் இல்லை. அண்டை வீட்டாரின் கோயில் சுவரிலும் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் அதை இடிக்காமல் வைத்திருந்ததால்தான் நாம் இன்று படிக்கிறோம்.

நான் தவறவிட்ட கல்

இனி நான் சொல்லப் போவது எனக்குத் தலைகுனிவானது. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

பயணத்தின் இடையே ஒரு கடலோர ஊரில் லுஹருக்குப் பள்ளியில் இறங்கினோம். பளிங்குத் தரையும் உயர்ந்த மினாராவுமாகப் புதிய பள்ளி. தொழுகைக்குப் பின் ஒரு முதியவரிடம், "பழைய பள்ளி எங்கே இருந்தது அப்பா?" என்று கேட்டார் என் மாணவர். "இதே இடந்தான் தம்பி. கல்தூண் பள்ளி. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்று இடித்தார்கள். தூணெல்லாம் அடிவாரத்துக்குள் போய்விட்டது" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார் அவர்.

அந்த ஊரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். அங்கும் பழைய பள்ளியை இடித்துக் கொண்டிருந்தனர். ஹவுளின் ஓரத்தில் பதித்திருந்த கல்லை வேலையாட்கள் பெயர்த்து வைத்தபோது, அதன் அடிப்புறத்தில் எழுத்துகள் தெரிந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கள் ஓதியவர், கல்லூரியில் வரலாறும் படித்தவர். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அஸருக்கு நேரமாகியிருந்தது. மாலையில் மாணவர்களுக்குத் தேர்வு. "நாளை பார்க்கலாம்" என்றேன்.

மறுநாள் சென்றபோது கல் இல்லை. உடைத்து ஜல்லியாக்கித் தளத்தில் கொட்டியிருந்தனர். அது அரபா, தமிழா, அரபுத் தமிழா? பள்ளியைக் கட்டியவரின் பெயரா, நிலம் கொடுத்தவரின் பெயரா? கேட்டவர் மர்ஹூம் ஆகிவிட்டார். 'நாளை' என்ற என் ஒரு சொல்லால் ஓர் ஊர் தன் பெயர்ப் பத்திரத்தை இழந்தது. முகம் வெட்டுண்ட உரோமானியக் காசுக்கு லண்டனில் ஒரு கண்ணாடிப் பேழை கிடைத்தது. முழுதாக இருந்த நம் கல்லுக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

பள்ளிகளை விரிவாக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொழ வருவோர் பெருகுவது அல்லாஹ்வின் அருள். ஆனால் கடப்பாறை விழுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மஹல்லா நிர்வாகிகளே, கட்டடத்தின் நான்கு புறங்களையும் தூண்களையும் படமெடுத்து, அளவுகளைக் குறித்து வையுங்கள். எழுத்துள்ள கல் ஒன்றேனும் இருந்தால் அதற்கு மைப்படி எடுக்கச் செய்யுங்கள். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். தூண்களைப் புதைக்க வேண்டாம்; புதிய பள்ளியின் முன்தாழ்வாரத்தில் நிறுத்தலாமே!

குடும்பத் தலைவிகளே, பரணில் கிடக்கும் அரபுத் தமிழ்க் கிதாபுகளையும், பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த பழைய சபர்க் கடிதங்களையும் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு நாளை இக்கரைக்கு ஒதுக்குங்கள். விடியலில் புறப்படுங்கள், ஆடி, ஆவணியிலும் வெயில் கடுமை, குடிநீரும் குடையும் எடுத்துச் செல்லுங்கள். சேற்றுத் தரையில் பிள்ளைகளைத் தனியே இறங்க விடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் மறவாதீர்கள்.

அன்று மாலை அறந்தாங்கி திரும்பும்போது, தூங்குவதாக நான் நினைத்திருந்த சிறுவன் திடீரென்று கேட்டான்: "ஹஜ்ரத், இப்னு பதூதா திரும்பி வந்தால் நாம் அவருக்கு எதைக் காட்டுவது?" வண்டியில் யாரும் பதில் சொல்லவில்லை.

அவனுக்கான பதிலை இப்போது எங்கள் மதரஸா மாணவர்கள் தேடிக் கொண்டிருக்கின்றனர். வாரந்தோறும் வியாழன் மாலை, வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டு எழுதி வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். இடித்த பள்ளியின் தூண்கள் எத்தனை, கப்பல் ஏறிய பாட்டனார் எந்தத் துறையில் ஏறினார், வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றுகளில் எது எந்த மாதம் வரும் என்றெல்லாம் எழுதி மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. எழுத்துப்பிழைகள் ஏராளம். திருத்தியபடியே படிக்கிறேன், ஒரு பக்கத்தையும் கிழித்தெறிய மனம் வரவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு முதியவர் திண்ணையில் அமர்ந்திருப்பார். அவரிடம் 'நாளை வருகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். இன்றே செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த அக்கறையைத் தந்தருள்வானாக!